வெளியே வந்த பிறகு அழுத்தவும்

என் அக்காவுக்குக் கோபம் வராது. அவள் பங்கையும் சேர்த்து நானே படுகிறேன். யாராவது அவளை ஒரு சொல் சொன்னால் "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள், எனக்குத்தான் உச்சந்தலை சூடாகும். அவள் கணவர், எங்கள் மாமா, எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பிசைந்து இரண்டாகப் பிரித்திருந்தால் சரியான அளவில் இரண்டு பெண்கள் கிடைத்திருப்பார்கள் என்று சொல்வார்.

ஆகவே இதில் நிதானத்தை எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் கம்பெனியில் இன்றைக்கும் சில பேர், "அந்தம்மா செஞ்ச ஆப்னாலதானே ஒருத்தன் கை போச்சு" என்று டீ குடித்துக்கொண்டே சொல்கிறார்கள். அதுவும் என் காதுபட. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி பார்சல் அனுப்புகிற கம்பெனி. கீழே பெரிய கூடம், அதில் பெல்ட்டுகள். ஊரெல்லாம் இருந்து வருகிற பெட்டிகள் அந்த பெல்ட்டுகளில் ஓடி, வளைந்து, பிரிந்து, அந்தந்த லாரிக்குப் போய்ச் சேரும். மாடியில் அலுவலகம். நான் மாடியில் ஒரு மூலையில் காதில் போனை மாட்டிக்கொண்டு, "என் பார்சல் எங்கே?" என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்கிறவள். அக்கா ப்ராடக்ட் மேனேஜர். கீழே வேலை செய்கிறவர்கள் பயன்படுத்துகிற மென்பொருளில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று முடிவு செய்வது அவள் வேலை. எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். எழுதினதற்காக வாங்கிக் கட்டிக்கொள்வது மட்டும் இவள்.

சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்துத் துணி தைத்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைத் தேடுவதிலேயே அம்மாவுக்குப் பாதிப் பொழுது போகும். நாங்களெல்லாம் "இங்க வையுங்க, அங்க வையுங்க" என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்வோம். அக்கா ஒன்றும் சொல்லாமல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல நாள் வேடிக்கை பார்த்தாள். அம்மா கத்தரிக்கோலை எங்கே வைத்தாலும் அதன் மேல் துணி விழுந்து மூடிவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். பிறகு அதை ஒரு நாடாவில் கட்டி அம்மாவின் கழுத்தில் தொங்கவிட்டாள். "உக்காந்து வேடிக்கை பாக்கற வேலைக்கு எவன்டி உனக்குச் சம்பளம் குடுப்பான்?" என்று அம்மா கேலி செய்தார். கடைசியில் அந்த வேலைக்குத்தான் கொடுத்தார்கள்.

அலுவலகத்தில் அவள் மேசைக்கடியில் எப்போதும் ஒரு ஜோடி கனமான பூட்ஸ் கிடக்கும். முன்பக்கம் இரும்பு வைத்தது, கூடத்துக்குள் போகிறவர்கள் போட்டுக்கொள்வது. மாடியில் இருப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரித்து "பூட்ஸ் மேடம்" என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எப்படியோ படியிறங்கிக் கீழே போயிற்று. கீழே யாரும் சிரிக்கவில்லை, அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

புது வேலை எதுவானாலும் அவள் முதலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு கீழே போய்விடுவாள். அங்கே போய் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒருநாளும் கேட்கமாட்டாள். அப்படிக் கேட்டால் கேட்கிறவர் மனம் குளிர எதையாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்பாள். "நேத்து எந்த இடத்துல உங்க வேலை நின்னுச்சு?" என்றுதான் கேட்பாள். பிறகு கூடவே நின்று பெட்டி தூக்குவாள். கீழே இருப்பவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் அவளைப் பெட்டி தூக்கவிட்டு, தான் சுவரில் சாய்ந்து நன்றாக இளைப்பாறினார். இன்னொருவர் தனக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்பதற்காக இல்லாத தலைசுற்றலையெல்லாம் அடுக்கினார். அவர் புளுகுகிறார் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் மின்விசிறிக்கு எழுதினாள். "அவர் சொன்னது பொய், ஆனா வெக்கை நிஜம்" என்றாள்.

அப்படிப் போன ஒரு சமயத்தில்தான் அவள் தொப்பியைப் பார்த்தாள்.

பெல்ட் வளைகிற இடத்தில் அடிக்கடி ஒரு பெட்டி கோணலாகச் சிக்கிக்கொள்ளும். பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் குவியும். பெல்ட்டை நிறுத்தி, ஒரு ஆள் மேலே ஏறி, சிக்கினதை இழுத்துப் போட வேண்டும். பழைய பெல்ட்டுகளுக்கு அந்தந்த வளைவிலேயே ஒரு கைப்பிடி உண்டு. கீழே இழுத்தால் நிற்கும், மேலே தள்ளினால் ஓடும். ஏறப்போகிறவர் கைப்பிடியை இழுத்துவிட்டு, தன் தலையில் இருக்கிற தொப்பியைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் ஏறுவார். இறங்கி வந்து அவரே தொப்பியை எடுத்துப் போட்டுக்கொள்ளும்வரை வேறு எவரும் அந்தக் கைப்பிடியைத் தொடமாட்டார்கள். இப்படி ஒரு விதி எங்கேயும் எழுதப்படவில்லை. யார் ஆரம்பித்தது என்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. "தொப்பி தொங்குதுன்னா தலை உள்ள இருக்குதுன்னு அர்த்தம் மேடம்" என்று ஒருவர் விளையாட்டாகச் சொன்னாராம். அக்கா அன்றைக்கு வீட்டுக்கு வந்து காய் நறுக்கும்போது ஒருமுறை, சாப்பிடும்போது ஒருமுறை, பாத்திரம் கழுவும்போது ஒருமுறை அதையே சொன்னாள்.

கைப்பிடி இல்லாத புதிய பெல்ட்டுகள் வரப்போகின்றன, எல்லாவற்றையும் மாடியில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தே ஓட்டலாம் என்றானபோது, அதற்கான மென்பொருளை அக்காவிடம் கொடுத்தார்கள். அங்கே உட்காரும் பெண்ணுக்குத் திரைதான் தெரியும், வளைவு தெரியாது. ஆகவே தொப்பி செய்த வேலையை இப்போது ஒரு பட்டன் செய்ய வேண்டும். அக்கா அதைப் போனில் வைக்கவில்லை. பெல்ட்டைச் சுற்றித் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு தூண் நட்டு, அதில் வைத்தாள். போகும்போது ஒரு தட்டு, ஆள் உள்ளே என்று மாடியில் திரை காட்டும்; வந்தபின் ஒரு தட்டு, ஓட்டலாம் என்று காட்டும். பெல்ட்மேல் நின்றுகொண்டு எவ்வளவு எக்கினாலும் பட்டன் எட்டக் கூடாது என்பதற்காக, கூடத்திலேயே உயரமான ஆளை ஏற்றிக் கையை நீட்டச் சொல்லி, தூணைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தாள். பட்டனில் "முடிந்தது" என்று போடலாம் என்றார்கள் மென்பொருள் எழுதுகிற பையன்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"முடிஞ்சுதா இல்லையாங்கறது எனக்கு அப்புறம். ஆள் எங்க இருக்காருங்கறதுதான் முதல்ல" என்றாள். பட்டனுக்கு மேலே "வெளியே வந்த பிறகு அழுத்தவும்" என்று எழுத வைத்தாள். ஒரு பெல்ட்டில் வைத்துச் சோதித்தார்கள். ஒழுங்காக நடந்தது.

அந்த நேரம் பார்த்துப் பெரிய சார் வந்து சேர்ந்தார்.

கூடம் முழுவதற்கும் புதிய தலைவர். பளபளக்கும் காலணி. விருந்தாளிகள் வந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே போவார். மற்ற நாட்களில் கண்ணாடி அறையிலிருந்து கீழே பார்ப்பார். வாயைத் திறந்தால் வேகம், வேகம். தூண்வரை நடந்து போய் வருவது வீண் என்று அவர் கண்டுபிடித்தார். எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, பட்டனை அதில் வை என்றார். பட்டனில் "முடிந்தது" என்று போடு. பெல்ட் நின்றதிலிருந்து ஒரு கடிகாரம் ஓடட்டும், நேரமானால் சிவப்பாகட்டும். யார் சீக்கிரம் முடித்தார் என்று வரிசைப்படுத்திக் கூடத்தின் நடுவே டிவியில் போடு.

கூட்டத்தில் அக்கா எழுந்து, கடிகாரம் வைத்தால் அவர்கள் கடிகாரத்துக்குத்தான் வேலை செய்வார்கள், பெல்ட்டுக்குச் செய்யமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். "என்னம்மா, யூனியன்ல சேந்துட்டீங்களா?" என்றாராம் பெரிய சார். எல்லோரும் சிரித்தார்களாம். இதை எனக்குச் சொன்னவர்களும் அப்போது சிரித்தவர்கள்தான். வெட்கமில்லாமல் சொன்னார்கள்.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை வந்தது. அக்கா விடுப்பில் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் பெரிய சார் நினைத்ததெல்லாம் எல்லா பெல்ட்டிலும் வந்துவிட்டது. சோதனைக்கு வைத்த தூணைப் பிடுங்கி மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்தார்கள். ஆனால் ஆப்பின் கடைசிப் பக்கத்தில் "பொறுப்பு" என்ற இடத்தில் மட்டும் அக்காவின் பெயரை எடுக்கவில்லை. என்ன நியாயம் இது? முடிவு அவருடையது, பெயர் மட்டும் இவளுடையது. நான் கொதித்தேன். அவள், "இரு, முதல்ல எப்படிப் போகுதுன்னு பாப்போம்" என்றாள்.

பிரமாதமாகப் போயிற்று. சிக்கல் எடுக்கிற நேரம் மளமளவென்று குறைந்தது. டிவியில் தினமும் முதல் பெயர் புயலுடையது. அவன் ஒல்லியான ஆள், துறுதுறுவென்று இருப்பான், கொஞ்சம் பீற்றிக்கொள்வான். புயல் என்று கூட்டாளிகள் வைத்த பெயர். டிவியில் தன் பெயர் முதலில் இருப்பதைப் படமெடுத்துத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டான். தினமும் வேலைக்கு வரும்போது டிவிக்கு ஒரு சல்யூட் அடிப்பான். பெரிய சார் அந்த நேரங்களையெல்லாம் கோட்டுப் படமாகப் போட்டு மேலிடத்துக்குக் காட்டிப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்ததும் அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. "இவ்வளவு நேரத்துல அந்த வளைவு வரைக்கும் நடந்து போகவே முடியாதே" என்று சொல்லிக்கொண்டே பூட்ஸைத் தேடினாள்.

கீழே போய் நின்று பார்த்தாள். பெல்ட் நின்றது. புயல் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான், "முடிந்தது" என்று தட்டினான், போனைப் பையில் போட்டான், அதற்குப் பிறகு மேலே ஏறினான். கட்டுப்பாட்டு அறைப் பெண் திரையில் பச்சை காட்டுகிற பெல்ட்டுகளை வரிசைப்படி ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வருவாள், அந்தச் சிறு இடைவெளியில் பெட்டியை இழுத்துப் போட்டுவிட்டுக் குதித்துவிட்டான். அவன் மட்டும் இல்லை, கூடமே அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. அக்கா கேட்டதற்குச் சிரித்தான்.

"எல்லாரும் பண்றதுதான் மேடம். செவப்பு வந்துச்சுன்னா சூப்பர்வைசர் வந்து பக்கத்துல நிக்கறாரு. அதுக்கு இது தேவலை."

அக்கா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி அறைக்குப் போனாள். கடிகாரத்தை இன்றைக்கே எடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் உள்ளே இருக்கும்போதே பெல்ட் ஓடும் என்றாள். "நம்பர் நல்லா இருக்கறப்ப எதுக்கு நோண்டறீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார் பெரிய சார். அக்கா நேரே கட்டுப்பாட்டு அறைக்குப் போய் அந்தப் பெண்ணிடம், திரை என்ன சொன்னாலும் கீழே போன் செய்து கேட்காமல் ஓட்டாதே என்று கெஞ்சினாள். அவளும் சில நாள் அப்படியே செய்தாள். பெல்ட் ஓடத் தாமதமாகிறது என்று அவளைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். நிறுத்திவிட்டாள்.

எங்கள் காலுக்குக் கீழே பெல்ட்டுகளின் இரைச்சல் எப்போதும் இருக்கும். பழகிப்போய் அது காதில் விழாது. அன்று மத்தியானம் நான் யாரோ ஒருவருக்கு, உங்கள் பார்சல் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அது மொத்தமாக நின்றது. மாடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். பிறகுதான் கீழேயிருந்து அலறல் கேட்டது. அன்று சூப்பர்வைசர் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். புயல் தட்டித் திரையில் பச்சை வந்ததும், வழக்கமான இடைவெளிகூட விடாமல் ஓட்டிவிட்டாள். புயலின் இரண்டு கையும் பெட்டியைப் பிடித்திருந்தன. வலது கை பெல்ட்டை ஓட்டுகிற உருளைக்குள் போயிற்று. பக்கத்தில் இருந்தவர் பாய்ந்து அவசரக் கயிற்றை இழுத்ததால் உயிர் தப்பியது.

ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு நானும் போனேன். அவன் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கைமுழுக்கக் கட்டு. எங்களைப் பார்த்ததும் அவன் சிரிக்கப் பார்த்தான்.

"மேடம், டிவியில இன்னமும் நான்தானே முதல்ல?"

தமாஷுக்குத்தான் கேட்டான். அவன் மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அங்கேயே ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. போய்ப் பெரிய சாரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

இரண்டு நாளில் ரிப்போர்ட் தயாராகிவிட்டது. விசாரணை என்று ஒன்று நடக்கும் முன்பே முடிவு எழுதியாயிற்று: "பயன்படுத்தியவரின் தவறு." கீழே அக்கா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் புயல் விதியை மீறினவன் ஆகிவிடுவான். வேலை இல்லை, வைத்தியச் செலவு அவன் தலையில், அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எவரும் வேலை தரப்போவதும் இல்லை. பெரிய சார் அக்காவைக் கூப்பிட்டுத் தேன் ஒழுகப் பேசியிருக்கிறார். "உங்க ஆப்ல ஒரு குறையும் இல்லேன்னுதான் இதுல எழுதியிருக்கு. இது உங்களைக் காப்பாத்தத்தான்மா." இதைக் கேட்டபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவன் கையை எடுத்துக்கொண்டு இவளுக்குப் பரிசாகக் கொடுக்கிறாராம்.

அன்று சாப்பாட்டு மேசையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், வீட்டுக் கடன் இருக்கிறதே என்றார் மாமா. சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தலையைக் குனிந்துகொண்டார். நான் மேசையைத் தட்டினேன். அது பச்சைப் பொய், கையெழுத்துப் போட்டால் உன்னோடு பேசமாட்டேன் என்றேன்.

"பொய்யா இருந்தா சுலபம்டி" என்றாள் அக்கா. "அவன் தப்பாத்தான் அமுக்கினான், அது நிஜம். அந்த இடத்துல யாரா இருந்தாலும் அமுக்கியிருப்பாங்க, அதுவும் நிஜம். ரெண்டாவதை எப்படி எழுதறதுன்னுதான் தெரியல."  பிறகு, எழுத வேண்டாம், காட்டிவிடலாம் என்றாள்.

மேலிடத்திலிருந்து விசாரணைக்கு ஒரு அம்மாவும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். கீழே, அதே வளைவில் வைத்து ரிப்போர்ட்டைப் படித்தால் கையெழுத்தைப் பற்றிப் பேசலாம் என்று அக்கா அவர்களிடம் கேட்டுக்கொண்டாள். எல்லோரும் இறங்கினோம். எனக்கு அங்கே வேலையே இல்லை, ஆனாலும் போனேன். மின்சாரக்காரர் அந்த பெல்ட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதை எல்லோருக்கும் காட்டிவிட்டு, அக்கா ஒரு பெரிய பெட்டியை வளைவில் கோணலாகச் சிக்க வைத்தாள்.

"சார், ஒரே ஒரு தடவை நீங்க எடுத்துக் காட்டுங்க. கடிகாரம் ஓடட்டும், டிவியும் ஓடட்டும்."

மேலிடத்து ஆட்கள் பார்க்கிறார்கள். பெரிய சார் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டார். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏற முடியவில்லை. "இதைக் கொஞ்சம் புடிங்க" என்று அக்காவிடம் கொடுத்துவிட்டு ஏறினார். பெட்டியை இழுத்தார், அது அசையவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றிருந்தார்கள். கடிகாரம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. டிவியில் அவர் பெயர் இறங்க ஆரம்பித்தது. புதிதாகச் சேர்ந்தவனுக்கும் கீழே போனபோது பின்னாலிருந்து ஒருவர் இருமினார்; அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய சாரின் காது சிவந்துவிட்டது. பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"செவப்பாயிடுச்சு பாருங்க. அந்த பட்டனைத் தட்டிவிடுங்கம்மா."

 அக்கா தட்டவில்லை. போனை அவருக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

"நீங்க இப்ப எங்க நிக்கறீங்க சார்?"

அவர் தன் காலைப் பார்த்தார். பளபளக்கும் காலணி இரண்டும் பெல்ட்மேல் இருந்தன.

"மெயின் ஆஃப்லதானே இருக்கு" என்றார்.

"நின்னுக்கிட்டுதான் இருக்குன்னு அவனும் நெனச்சான் சார்."

மேலிடத்து அம்மா பேனாவைத் திறந்தார். ரிப்போர்ட்டை பெல்ட்டின் ஓரத்திலேயே வைத்து, "பயன்படுத்தியவரின் தவறு" என்ற அந்த ஒரு வரியைக் கோடு போட்டு அடித்தார். புயலின் வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. வேலையும் போகவில்லை. ஆனால் அவன் வலது கை இன்னும் முழுதாக நீளுவதில்லை. இப்போது கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறான். கீழே போன் செய்து கேட்காமல் அவன் ஒரு பெல்ட்டையும் ஓட்டுவதில்லை. தாமதமாகிறது என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. கடிகாரம் போயிற்று, டிவி போயிற்று. எல்லா வளைவிலும் தூண்கள் வந்தன.

இதோடு முடிந்திருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். போன மாதம் கம்பெனிப் பத்திரிகை வந்தது. அட்டையில் பெரிய சார். சிறந்த பாதுகாப்பு யோசனைக்கான விருதாம், தூண் அவருடைய யோசனையாம். நான் அதை அக்காவின் மேசையில் எறிந்தேன். இதற்காவது ஒருமுறை கோபப்படு, ஒரே ஒருமுறை, எனக்காக என்றேன். அவள் விருது என்று போட்டிருந்ததைப் படிக்கவே இல்லை. படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று புகைப்படக்காரர் அவரை பெல்ட்மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறார். அங்கிருந்தே சிரித்துக்கொண்டு, கையை நீட்டித் தூணின் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்.

"எட்டுது பாரு" என்றாள் அக்கா. "தூணைக் கிட்ட நட்டிருக்காங்க."

குனிந்து பூட்ஸை இழுத்தாள். கட்டும்போது கயிற்றை இழுத்த வேகத்தில் அது அறுந்து அவள் கையோடு வந்தது. இத்தனை வருஷத்தில் நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.